கணுவுக்குக் கணு வேர்

துரைக்கண்ணு முன்பக்கமாக நகர்ந்து வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. விடிந்து ஆறு மணிக்கெல்லாம் பட்டுக்கடை வாசல் செங்கல் நடைபாதையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். கையில், கடையில் கழித்துப் போட்ட துணி வெட்டும் கத்தரி. பாதைக்கு இரண்டு பக்கமும் வழிந்து கிடக்கும் செடியை நறுக்கிக்கொண்டே, நாற்று நடுகிற பெண்களைப் போலப் பின்பக்கமாக நகர்வார். வெட்டி முடித்த ஓரம் கயிறு பிடித்ததுபோல நேராகக் கண் எதிரே நீண்டுகொண்டு போகும். அதைப் பார்த்துக்கொண்டே பின்னுக்குப் போவதில் அவருக்கு ஒரு ருசி. கேட்டிலிருந்து கடைப்படி வரைக்கும் நாற்பது அடி. எட்டு மணிக்குள் முடித்து, முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, "இப்ப வரச் சொல்லு மெட்ராஸ்காரிய" என்பார். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் சொல்வார்.

காஞ்சிபுரம் காந்தி சாலையில் பட்டு எடுக்க வந்தவர்கள் அந்தச் செடியைப் பார்த்திருப்பார்கள். தரையோடு தரையாக ஓடும். இலை ஒரு விரல் நீளம். மேல்பக்கம் பச்சைக்கு நடுவே இரண்டு வெள்ளிக்கோடு, ஜரிகை இழுத்ததுபோல. புரட்டினால் அடிப்பக்கம் முழுக்க நல்ல கத்தரிப்பூ நிறம். நெடுக்கே ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை ஒரு நிறம் என்று நெய்த பட்டை வெயிலில் அசைத்தால் எப்படி மாறி மாறி மின்னுமோ, காற்றடித்தால் அந்தத் தரையே அப்படி மின்னும். ஏடு படித்தவர்கள் அதற்கு நீளமாக ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள், வைத்துக்கொள்ளட்டும். கடைத்தெருவில் அதற்குப் பெயர் பெங்களூர்ச் செடி.

காரில் வந்து இறங்கும் அம்மாக்கள் கடைக்குள் போவதற்கு முன்னால் அங்கே நிற்பார்கள். "பெரியவரே, இதுல ஒரு துண்டு கிடைக்குமா?" என்று கேட்பார்கள். துரைக்கண்ணு உடனே கொடுத்துவிட மாட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். நாலு இடம் பார்த்து, ஐந்தாவது இடத்தில் ஒரு கொழுந்தைக் கிள்ளி, கோயிலில் குருக்கள் திருநீறு கொடுக்கிற தோரணையில் கையில் போடுவார். "சும்மா தொட்டில சொருவி வுடும்மா. தண்ணி ஊத்தனா ஊத்து, ஊத்தாட்டிப் போ. ஒவ்வொரு கணுவுலயும் வேரு வுடும். என் கையால குடுத்தது, சாவாது."

கையைப் பற்றிய பேச்சு அவரிடம் ஓயாது. ஐம்பத்தேழு வயது. கட்டை விரல் நகம் இரண்டும் மண்வெட்டி மாதிரி அகன்று போனவை. "மாடு கட்டற காஞ்ச மொளக்குச்சிய நட்டாலும் என் கைக்குத் துளிர் வுடும்பா" என்று காப்பிக்கடையில் சொல்லாத நாள் இல்லை. காஞ்சிபுரத்துக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. ஒரு கோயிலுக்குள்ளும் காலை வைத்ததில்லை. கேட்டால், "மாசத்துக்கு நாலு வாட்டி சாமியே தெருவுக்கு வருது. வர்றவங்கள வாசல்லயே பாத்துக்கறதுதான் மரியாத" என்பார். செருப்பு போட மாட்டார். சோறு தின்னும்போது யாரோடும் பேச மாட்டார். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் தென்னேரிக்கு, மகள் அம்சாவைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். மழைக்காலத்திலிருந்தே அது தடைப்பட்டது, இந்தத் தை மாதத்தோடு நின்றேபோயிற்று. சனிக்கிழமை சாயங்காலமும் கத்தரியை எடுத்துக்கொண்டு பாதையில் உட்கார்ந்துவிடுகிறார். அது எதனால் என்பதுதான் விஷயம்.

தென்னேரியில் ஏரிக்குக் கீழே அவருக்கு ஐம்பது சென்ட் நிலம். ஒருத்தர் உழைப்புக்கு வேலை வைத்திருந்த நிலம், இரண்டு பேர் வயிற்றுக்கு விளையவில்லை. மனைவி போன பிறகு நிலத்தை அம்சாவிடம் விட்டுவிட்டுப் பட்டணத்துச் சம்பளத்துக்கு வந்தார். அம்சாவின் புருஷன் மெட்ராஸுக்குப் போனவன், போனவன்தான். கீரையும் கத்தரிக்காயும் போட்டு, கூடையில் கட்டி வாலாஜாபாத் சந்தைக்குத் தலைச்சுமையாக எடுத்துப்போய் விற்று அவள் நிமிர்ந்து நின்றாள். யாரிடமும் கை நீட்டாமல் பிழைக்கிறவளின் நடையே தனி. கூடை தலையில் இல்லாதபோதும் கழுத்து வளையாது.

கடை முதலாளி உமாபதியும் தறிக்குழிக்குள் காலைத் தொங்கப் போட்டு நெய்து, தானாக மேலே வந்தவர். கை காய்த்தவனைக் கை காய்த்தவனுக்குத்தான் அடையாளம் தெரியும். அதனால்தான் துரைக்கண்ணுவைத் தோட்டத்துக்கு வைத்துக்கொண்டார். கடை முன்னால் ஒரு நாவல் மரம். அதன் நிழலில் மூன்று தடவை புல் போட்டார். மூன்று தடவையும் பழுத்துப் போனது. பெங்களூருக்குப் போய் வந்த ஒரு நாள், ஒரு தகர டப்பாவில் இந்தச் செடியைக் கொண்டுவந்து இறக்கினார்.

துரைக்கண்ணுவுக்கு முதலில் அதைக் கண்டாலே பிடிக்கவில்லை. ஆயுசு முழுக்கக் களை பிடுங்கியவருக்குக் களையின் சாயல் தெரியாதா? "மொதலாளி, இத மாடு மோந்து பாத்துட்டுப் போயிடுது. பூவுன்னு பாத்தா மூக்குத்திக் கல்லு அளவு. சாமிக்கும் ஆவாது, கொண்டைக்கும் ஆவாது. இதுக்கு எதுக்குத் தண்ணி?"

"நான் விக்கிற பொடவையக்கூட மாடு தின்னாதுய்யா," என்றார் உமாபதி. "ஊத்து."

ஊற்றினார். புல் செத்த இடத்தில் அது ஒரு மாதத்தில் ஒரு பாய் அகலத்துக்குப் படர்ந்தது. ஆறு மாதத்தில் மரத்தடி முழுக்க மூடியது. வருகிறவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். "யாரு இதைப் பராமரிக்கிறது?" என்று ஒரு அம்மா கேட்டதும், உமாபதி கைகாட்டியதும் துரைக்கண்ணுவின் காதில் விழுந்தன. அன்றைக்கே அது களையாக இருப்பதை விட்டுவிட்டது. பிறகு உமாபதி தன் நெசவாளியைக் கூப்பிட்டு, ஒரு இலையை உள்ளங்கையில் வைத்து, "இந்தப் பக்கம் பாவு, அந்தப் பக்கம் ஊடை" என்று புரட்டிக் காட்டினார். இரண்டு மாதத்தில் அந்த நிறத்தில் புடவை வந்தது. 'பெங்களூர் இலை' என்று கேட்டு வாங்கிப் போனார்கள். புடவைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாராவது படி இறங்கினால் துரைக்கண்ணு பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வார்: "அது நான் வளத்த பொடவ."

சும்மா சொல்லக் கூடாது, அவர் கை நல்ல கைதான். கெட்டதும் அந்தக் கையால்தான்.

தினம் நறுக்குகிற துண்டுகளே ஒரு கூடை வரும். பச்சைத் தழையைக் குப்பையில் கொட்ட ஒரு குடியானவனுக்கு மனசு வருமா? கொளிஞ்சி, ஆவாரை, எருக்கு, புங்கம் என்று எத்தனை தழையை வெட்டிப் போட்டு மிதித்த கால் அது. சேற்றில் மிதித்தால் எந்தத் தழையும் அழுகி எருவாகும். அதில் அவருக்குச் சந்தேகம் வந்ததே கிடையாது. காசு இல்லாமல் உரம் கிடைக்கிறதென்று, வாரம் முழுக்கச் சேர்த்ததைச் சாக்கில் திணித்து, சனிக்கிழமை பஸ் கூரையில் ஏற்றினார்.

"இன்னா பெருசு, மூட்டைல பட்டுப் பொடவையா?" என்றான் கண்டக்டர்.

"ஆமாம்பா. உங்க மாமியாருக்கு எடுத்துக்கினு போறேன். எறக்கும்போது பதமா எறக்கு."

ஐயம்பேட்டை தாண்டி, வாலாஜாபாத்தில் இறங்கி, தென்னேரிப் பக்கம் போகிற வண்டி கிடைத்தால் வண்டியில், இல்லாவிட்டால் தலையில். அப்படி ஏழெட்டு மூட்டை போயிற்று. கத்தரிப் பாத்தியில் செடிக்குச் செடி அணைத்துப் போடச் சொன்னார். கீரைப் பாத்தி ஓரத்திலும் போடச் சொன்னார்.

மூன்றாவது மூட்டை வந்தபோதே அம்சா கேட்டாள். "நைனா, மொதல்ல போட்டது அப்படியே கீது. வாடவே இல்ல."

"தண்ணிச் சத்து உள்ள தழை. மெதுவாத்தான் மக்கும்."

"கொளிஞ்சி நாலு நாள்ல கருத்துப்பூடும்."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் தழை மெரிச்சவன். எனக்கு நீ சொல்றியா?"

அப்பன் பேச்சு என்று பரப்பினாள்.

எழுபத்திரண்டாம் வருஷத்து ஐப்பசி மழை பன்னிரண்டு நாள் விடாமல் கொட்டியது. பாத்தியில் காலை வைத்தால் முழங்கால் வரை இறங்கும். அம்சா நிலத்துப் பக்கமே போக முடியவில்லை. வானம் வெளுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பனும் மகளுமாகச் சேர்ந்து போய்ப் பார்த்தார்கள்.

ஐம்பது சென்ட்டில் பாதி ஊதாவாக இருந்தது. மழைத் தண்ணீர் இலையில் உருண்டு உருண்டு நிற்க, வெள்ளிக்கோடுகள் பளபளவென்று ஓடின. துரைக்கண்ணு வரப்பில் நின்று பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. அதை நினைத்து இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசுகிறது; ஆனால் அந்த நேரத்தில் அவர் வாயில் வந்தது அதுதான்:

"அடேங்கப்பா! எப்படிப் புடிச்சிக்கினு கீது பாரும்மா! அங்க நெழல்ல கூட இப்படி வரல. என் கை..."

அம்சா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "கத்திரி எங்க நைனா?" என்றாள்.

கத்தரி அடியில் இருந்தது. கையால் விலக்கிப் பார்த்தால், பூ வைத்த செடிகள் மஞ்சள் பாரித்துப் படுத்திருந்தன. கீரை இருந்த இடமே தெரியவில்லை.

அம்சா மண்வெட்டியால் கொத்தினாள். வேறு களையாக இருந்தால் கொத்தினால் சாகும். இது ஒரு கொடியைப் பத்தாகக் கொத்தினால் பத்துக் கொடியாகும். பிடுங்கி வரப்பில் காயப் போட்டாள், வரப்பைப் பிடித்துக்கொண்டது. அவள் நிலத்தில் பாய்ந்த தண்ணீர்தான் அடுத்த நிலத்துக்குப் போக வேண்டும். அந்தத் தண்ணீரில் அறுந்த துண்டுகள் மிதந்து போய், கீழ்மடைக்காரர்களின் வரப்பில் ஒதுங்கி, ஒதுங்கிய இடத்தில் வேர் விட்டன. கார்த்திகை முடிவதற்குள் ஆறு பேர் நிலத்தில் கண்டுவிட்டது.

தண்ணீர் முறையைப் பார்க்கிறவன் அர்ஜுனன். அவன் நிலமும் அம்சாவின் நிலத்துக்கு அடுத்ததுதான். கெட்டவன் இல்லை, அவன் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். மண்வெட்டியோடு வந்தவன் தண்ணீர் சுற்றிப் போக வரப்போரம் ஒரு கால் வெட்டிவிட்டு, அம்சாவின் மடைவாயில் ஒரு கல்லை உருட்டி வைத்து, சுற்றிலும் களிமண்ணை அப்பினான்.

"உன் மேல எனக்குக் கோவம் இல்லம்மா," என்றான். "உன் நெலத்துல தண்ணி பாய்ஞ்சா எங்க நெலத்துக்கு நாலு கணு எடுத்தாருது. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு."

நாற்பது நாள் தண்ணீர் இல்லை. மிச்சம் இருந்த கத்தரியும் முளைத்து வந்த கீரையும் காய்ந்து சருகாயின. வாடாமல் கிடந்தது அந்த ஒன்றுதான். வெயில் ஏற ஏற இலை சிறுத்தது, நிறம் இன்னும் சிவந்தது. தண்டைக் கிள்ளினால் உள்ளே ஈரம். தண்ணீரை அடைத்தவர்கள் பயிரைக் கொன்றார்கள். அது பார்த்துக்கொண்டு கிடந்தது.

இத்தனையும் ஆகும் வரை துரைக்கண்ணு ஊர்ப் பக்கம் வரவில்லை. கார்த்திகைக் கல்யாணம், பிறகு தைக் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கிறவர்கள், கடையில் கூட்டம், வர முடியவில்லை என்று சொல்லி அனுப்பினார். கூட்டம் இருந்தது உண்மை. மற்றபடி, அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் பார்த்த பார்வையை இன்னொரு தடவை வாங்கிக்கொள்ள அவருக்குத் தெம்பு இல்லை என்பதும் உண்மை.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் அம்சாவே வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே நாற்பது அடிக்கு இரண்டு பக்கமும் அது விரிந்து கிடந்தது. ஒரு சருகு இல்லை, ஒரு கொடி தப்பி ஓடவில்லை. கத்தரிப்பூப் புடவை கட்டிய ஒரு அம்மாள் துரைக்கண்ணுவின் கையிலிருந்து ஒரு கொழுந்தை வாங்கிக்கொண்டு, "உங்க கை பட்டாலே தனிதான் பெரியவரே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் போகும் வரை அம்சா காத்திருந்தாள்.

"உள்ள வாம்மா. இன்னா வெளிய நின்னுக்கினு கீற?"

"வரல. மடைய மூடி நாப்பது நாளாவுது நைனா."

"எவன் மூடினது?"

"எவன் மூடினா இன்னா? தை பத்து வரைக்கும் தவணை குடுத்திருக்காங்க. அதுக்குள்ள நெலத்துல ஒரு எல கண்ணுல படக் கூடாதாம். பட்டா மடைய நெரந்தரமா பூசிடுவாங்களாம். நம்ம தண்ணி மொறைய மத்தவங்களுக்குப் பிரிச்சுப் போட்டுடுவாங்களாம்."

தண்ணீர் முறை போனால் ஏரிக்குக் கீழே நிலம் எதற்கு? மாடு கட்டலாம். துரைக்கண்ணுவுக்கு அது தெரியும். தெரிந்தும் வீறாப்பாகத்தான் பேசினார். "அதுங்களுக்கு இன்னா தெரியும்? மெட்ராஸ்ல இத தொட்டில வெச்சி வரவேற்பு ரூம்புல வெக்கறாங்க. பொடவையே நெய்ஞ்சிருக்காங்க. இதும் பேரு தெரியுமா அதுங்களுக்கு?"

"பேரு வெச்சிருக்காங்க," என்றாள் அம்சா.

"இன்னான்னு?"

"தொரக்கண்ணு பூண்டு."

அவர் கத்தரியை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"கெழக்கால ஒருத்தர் நெலத்துல மொளச்சாலும் அதான் சொல்றாங்க. 'அண்ணே, உங்க வரப்புல தொரக்கண்ணு ஏறிட்டான், பாத்துக்கோ'ன்றாங்க. நான் சந்தைக்குப் போவும்போது என் காதுல வுழறா மாதிரியே சொல்றாங்க."

துரைக்கண்ணு நேராக உமாபதியிடம் போய் லீவு கேட்டார். காரணத்தைக் கேட்டு உமாபதி சிரித்துவிட்டார். செடி தொந்தரவு கொடுக்கிறது என்று ஒருவன் லீவு கேட்பதை அவர் கேள்விப்பட்டதில்லை. பொங்கல் கழிந்ததும் எட்டு நாள் எடுத்துக்கொள்ளச் சொன்னார். கிளம்பும்போது நல்ல மனசோடுதான் சொன்னார்: "வெட்டுனது ரெண்டு மூட்டை பின்னால கெடக்குதேய்யா, எப்பவும்போல எடுத்துக்கினு போயேன்."

அந்த எட்டு நாளும் அப்பனும் மகளும் நிலத்தை விரலால் கிளறினார்கள். மண்வெட்டியைத் தொடவில்லை, தொட்டால் அறும், அறுந்தால் முளைக்கும். ஒவ்வொரு கொடியாகப் பிடித்து, வேரோடு உருவி, மண்ணைக் கையால் அரித்து, அரித்ததை நெல் சலிக்கிற சல்லடையில் இன்னொரு தடவை சலித்தார்கள். சாறு பட்ட இடமெல்லாம் அரித்தது. துரைக்கண்ணுவின் முழங்கை வரை தடித்துப் போயிற்று. நிழலில் கத்தரி பிடித்து வெட்டியபோது இவ்வளவு சாறு அவர் மேல் பட்டதில்லை.

பிடுங்கியதை என்ன செய்வது? கொளுத்தினால் எரியவில்லை, ஈரம் சீறிக்கொண்டு அணைந்தது. புதைத்தால் வரும். ஏரியில் போட்டால் ஊரே கல்லால் அடிக்கும். கடைசியில் அம்சா நெல் அவிக்கிற அண்டாவை எடுத்து வந்து வரப்போரத்தில் அடுப்பு கூட்டினாள். கூடை கூடையாகக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, தென்னமட்டை வைத்து எரித்து அவித்தார்கள். வெந்ததை வடித்துப் பாயில் பரப்பிக் காய வைத்தார்கள். வடித்த தண்ணீர் மட்டும் அழகான ஊதா.

போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்றான். "இன்னா மாமா, இந்த போகம் புழுங்கலா, பச்சையா?"

இன்னொருத்தன்: "படி இன்னா வெலை மாமா? எங்க வூட்டுக்கு ரெண்டு மரக்கால் அளந்து வெய்யி."

ஐந்து வருஷமாகக் காப்பிக்கடையில் வாய் ஓயாத மனிதர், அடுப்பில் மட்டையைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஏழாம் நாள், அண்டாவை இறக்கும்போது அம்சா சொன்னாள். "இது முடிஞ்சதும் நீ போய்டு நைனா. போனப்புறம் இந்தப் பக்கம் வராத."

"இன்னாம்மா சொல்ற?"

"வேட்டி மடிப்புல ஒட்டிக்கினு வந்தாப் போதும். தலைல, துண்டுல, எதுல வருதுன்னு யாரு பாத்தா? அங்க வேலை செய்யற வரைக்கும் வராத."

"அப்ப நான் அந்த வேலைய வுட்டுட்றேன்."

"வுடமாட்ட." அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை, அடுப்புத் தணலைத் தண்ணீர் தெளித்து அணைத்துக்கொண்டே சொன்னாள். "அங்கதான உன்ன 'பெரியவரே'ன்னு கூப்புடறாங்க."

துரைக்கண்ணு எரிகிற முழங்கையைச் சொறிந்துகொண்டு அப்பால் போனார்.

தை பத்தாம் தேதி காலையில் அர்ஜுனன் வந்தான். கூட இரண்டு பேர். கடப்பாரையை அவர்களில் ஒருத்தனிடம் கொடுத்துவிட்டுக் கிழக்கு மூலையிலிருந்து நடக்க ஆரம்பித்தான். நிதானமாக, ஒவ்வொரு பாத்தியாக, கால் கட்டை விரலால் மண்ணைக் கீறிப் பார்த்துக்கொண்டு நடந்தான். வெறும் மண். ஐம்பது சென்ட்டும் மொட்டைத் தலை மாதிரிக் கிடந்தது. அவனுக்குப் பின்னால் துரைக்கண்ணு, அவருக்குப் பின்னால் அம்சா.

"பரவால்ல மாமா," என்றான் அர்ஜுனன் பாதி தூரத்தில். "எட்டு நாள்ல நீ இத்த முடிப்பேன்னு நான் நெனைக்கல. கைதான் உன்னுது."

துரைக்கண்ணு வரப்பு ஓரத்தையே துழாவிக்கொண்டு நடந்தார்.

வரப்பைச் சுற்றிக்கொண்டு மடைவாய்க்கு வந்தார்கள். கல்லைச் சுற்றி அப்பிய களிமண் காய்ந்து வெடித்திருந்தது. அர்ஜுனன் கடப்பாரையை வாங்கத் திரும்பிக் கையை நீட்டினான். அந்த நேரத்தில்தான் துரைக்கண்ணு பார்த்தார். கல்லுக்குக் கீழே, வெடிப்பு ஓரத்தில், விரல்கடை அளவு ஒரு துண்டு. இரண்டே இலை. வெள்ளிக்கோடு கூடத் தெளிவாகத் தெரிந்தது. எப்படித் தப்பியதோ, அவர் வேட்டியிலிருந்தே விழுந்ததோ, யார் கண்டது? அர்ஜுனன் திரும்பி ஒரு அடி வைத்தால் அவன் பார்வை நேரே அதன் மேல்தான் விழும்.

துரைக்கண்ணு காலைச் சொறிகிறவர்போலக் குனிந்தார். நிமிரும்போது அது கைக்குள் இருந்தது. எறியக் கூடாது, எறிகிற இடமெல்லாம் மண். மடியில் செருகக் கூடாது. இன்னும் ஒரு நொடியில் மூன்று பேர் கண்ணும் கை மேல் விழும். கையை வாய்க்குக் கொண்டு போனார்.

அர்ஜுனன் திரும்பிவிட்டான். "இன்னா மாமா வாயில?"

"வெத்தல," என்றார், கன்னத்தில் அடக்கிக்கொண்டு.

"சுண்ணாம்பு, பாக்கு ஒண்ணியும் இல்லாமயா? வெறும் எலய மெல்றியே, ஆடு மாதிரி." கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

துரைக்கண்ணு மென்றார். நாக்கு எரிந்தது. தொண்டை ஊசி குத்துவதுபோல அரித்தது. கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. துப்பவில்லை, இருமவில்லை. அம்சா மட்டும் சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

அர்ஜுனன் கடப்பாரையைக் கல்லுக்கு அடியில் கொடுத்து நெம்பினான். களிமண் பிளந்து, கல் புரண்டு, கலங்கல் தண்ணீர் அம்சாவின் நிலத்துக்குள் குதித்து ஓடியது. அவர்கள் மூன்று பேரும் அதைப் பார்க்கக் குனிந்தார்கள்.

துரைக்கண்ணு விழுங்கினார். பிறகு மகளின் பக்கம் திரும்பி, வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிப் புரட்டிக் காட்டினார்.